தள்ளாட்டத்துக்கு எத்தனை பெயர்?

ஆங்கிலத்தில் ‘ஸ்டாகர்’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால் “தள்ளாடுவது” என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். அகராதியும் அதையேதான் சொல்கிறது. ஆனால் காலையில் ஆங்கிலச் செய்தித்தாளைப் பிரித்தால் அந்தச் சொல் வேறு வேறு வேலைகளில் இருக்கிறது. கோடிக்கணக்கில் மோசடி நடந்தால் அது ‘ஸ்டாகரிங்’ தொகை. கூட்டத்தைத் தவிர்க்க வகுப்புக்கு வகுப்பு நேரத்தை மாற்றிவைத்துப் பள்ளி திறந்தால் அது ‘ஸ்டாகர்டு’ நேரம். குத்துச்சண்டை மேடையில் தாடையில் அடி வாங்கியவர் நிற்கமாட்டாமல் பின்னால் போனாலும் அதே சொல்தான். தள்ளாடும் தொகை என்றோ தள்ளாடிய பள்ளி நேரம் என்றோ தமிழில் எழுதிப் பாருங்கள், வாசகர் சிரித்துவிடுவார்.

இதைப் பேச வண்ணார்பேட்டையைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. திருநெல்வேலி சந்திப்பிலிருந்து, சுலோசன முதலியார் 1843-இல் தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்த பாலத்தின் வழியே தாமிரபரணியைத் தாண்டினால் சற்றுத் தூரத்தில் வந்துவிடும். இன்றைக்கு அது புறவழிச்சாலையும் மேம்பாலமும் மருத்துவமனைகளும் துணிக்கடைகளுமாக நெருக்கியடிக்கிற இடம். நூறாண்டுக்கு முன்பு அங்கேதான் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியாரின் வீடு இருந்தது. அந்த வீட்டு முற்றத்தில் கூடிய ‘வட்டத்தொட்டி’யில் கம்பனைப் படிப்பார்கள், பாடுவார்கள், ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசுவார்கள். பாட்டின் பொருளைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது, அதன் உணர்ச்சியும் தாளமும் நம்மைப் பிடிக்கவேண்டும் என்பது டி.கே.சி.யின் கட்சி.

அதே 1920-களில் திருநெல்வேலியில் சில ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்தவர் எஸ்.வையாபுரிப் பிள்ளை. 1926-இல் சென்னைக்குப் போய், பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனுக்குப் பதிப்பாசிரியர் ஆனார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அந்த அகராதியில் 1,04,405 சொற்கள். 1939-இல் வந்த பின்னிணைப்பையும் சேர்த்தால் 1,17,762. தமிழுக்கு ஆங்கிலத்தில் பொருள் சொல்லும் பெரிய அகராதி இன்றைக்கும் அதுதான். ஆக, ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடுவதும், தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலம் தேடுவதும் இந்த ஆற்றங்கரைக்குப் புதிய வேலை கிடையாது.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தைப் பார்த்துவிடலாம். பழைய வடமொழி என்று சொன்னால் சமஸ்கிருதம் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்காண்டிநேவியக் கடலோடிகளின் பழைய நோர்ஸ் மொழி. அதில் ‘தள்ளு’ என்ற பொருளுள்ள ஒரு வினை இருந்தது. மீண்டும் மீண்டும் தள்ளப்படுவதைச் சொல்லும் அதன் வடிவம் ஆங்கிலத்துக்கு வந்து, கடைசியில் ‘ஸ்டாகர்’ ஆனது. நம் தள்ளாட்டத்திலும் தள்ளுதலும் ஆடுதலும்தான் காதில் விழுகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒருவர் இந்தப் பக்கம் ஒரு தள்ளு, அந்தப் பக்கம் ஒரு தள்ளு தள்ளுகிறார், நடப்பவர் ஆடுகிறார். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே காட்சியைப் பார்த்திருக்கின்றன.

அதன் பிறகு ஆங்கிலச் சொல் தன் போக்கில் போய்விட்டது. அடி விழுந்தால் உடம்பு ஆடுகிறது, அதிர்ச்சியான சேதி விழுந்தால் மனம் ஆடுகிறது. அதனால்தான் ‘ஸ்டாகரிங்’ என்பது மலைக்கவைப்பதைக் குறிக்கிறது. தமிழில் அந்த இடத்தில் மலை வந்து நிற்கிறது, கால் வருவதில்லை. ‘தலை சுற்றவைக்கும் தொகை’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது மூலத்துக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. தள்ளாடுகிறவன் நேர்கோட்டில் போகமாட்டான், இடமும் வலமுமாக மாறி மாறி அடி வைப்பான். அந்தக் கோணல் வரிசையைப் பார்த்து, ஒன்றன்பின் ஒன்றாக விலக்கி விலக்கி வைப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்தக் கடைசிப் பொருளைக் கண்ணால் பார்க்கத் திருநெல்வேலியிலேயே இடம் இருக்கிறது. பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் 400 மீட்டர் ஓட்டம் நடக்கும்போது கவனித்தால், ஓடுகிறவர்கள் ஒரே கோட்டில் நிற்கமாட்டார்கள். உள் தடத்தில் இருப்பவர் பின்னால், வெளித் தடத்தில் இருப்பவர் முன்னால், படி வைத்ததுபோல நிற்பார்கள். விவரம் தெரியாதவர், எட்டாவது தடத்துக்காரருக்குச் சலுகை கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். வளைவில் வெளித் தடம் நீளம் அதிகம்; அந்த நீளத்தைத்தான் முன்கூட்டியே கழித்துக் கொடுக்கிறார்கள். தடத்தின் அகலம் 1.22 மீட்டர். அந்தக் கணக்கில் இரண்டாம் தடத்துக்காரர் முதல் தடத்துக்காரரைவிட 7.04 மீட்டர் முன்னால் நிற்கவேண்டும், அடுத்தடுத்த தடத்துக்காரர்கள் ஒவ்வொருவரும் முந்தையவரைவிட ஏறத்தாழ 7.67 மீட்டர் முன்னால். உடற்பயிற்சி ஆசிரியர்கள் சுண்ணாம்புக் கோடு போடும்போது இதைச் சுருக்கமாக ‘ஸ்டாகர்’ என்றே சொல்கிறார்கள். யாரும் தள்ளாடாத இடத்தில் தள்ளாட்டத்தின் பெயர்.

சந்திப்பு ரயில் நிலையத்துக்குப் போனால் இன்னொன்று. நடைமேடையில் நின்று தலைக்கு மேலே போகும் மின்கம்பியைக் கூர்ந்து பார்த்தால், அது தண்டவாளத்தின் நடுக்கோட்டை விட்டுக் கொஞ்சம் இடப்பக்கம், அடுத்த கம்பத்தில் கொஞ்சம் வலப்பக்கம் என்று வளைந்து வளைந்து போவது தெரியும். கட்டியவர்கள் கை தவறிக் கோணலாக்கிவிடவில்லை. நேரான பாதையில் 200 மில்லிமீட்டர் வரையும், வளைவில் 300 மில்லிமீட்டர் வரையும் வேண்டுமென்றே விலக்கி இழுத்திருக்கிறார்கள். கம்பி ஒரே இடத்தில் உரசிக்கொண்டே வந்தால் ரயில் எஞ்சினின் கூரைமேல் இருக்கும் தொடுபட்டையில் பள்ளம் விழுந்துவிடும். இடமும் வலமுமாக ஆடிப் போனால் பட்டை முழுவதும் ஒரே சீராகத் தேயும். பொறியாளர்கள் அந்த விலகலுக்கு வைத்திருக்கும் பெயரும் ‘ஸ்டாகர்’தான்.

ஆங்கிலத்தில் நிலையில்லாத நடைக்கு இந்தச் சொல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். விழப்போகிற கட்டடத்துக்கும் கிழவருக்கும் ஒரு சொல், அலையில் கப்பல் சட்டென்று சாய்வதிலிருந்து எடுத்த சொல் ஒன்று, தலைசுற்றிச் சுழல்வதற்கு ஒன்று, கல்லில் தட்டிக்கொள்வதற்கு ஒன்று, வாத்து நடைக்கு ஒன்று, நடைபழகும் குழந்தைக்கு ஒன்று. இந்தக் கடைசிச் சொல்லிலிருந்துதான் ‘டாட்லர்’ என்ற பெயர் வந்தது. நம் ஊர் மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் தினமும் பார்க்கிறோம்; தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை என்பதுதான் அதன் நேர்ப்பொருள்.

தமிழில் இந்தக் கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது. ஆங்கில வினைகள் பெரும்பாலும் உடம்பு எப்படி ஆடுகிறது என்பதைப் பார்க்கின்றன. தமிழ் கேட்பது, நடக்கிறது யார், எதனால் இப்படி நடக்கிறார் என்று. அதனால்தான் ‘ஸ்டாகர்’ என்று கண்டவுடனே ‘தள்ளாடு’ என்று எழுதுகிற மொழிபெயர்ப்பு பாதி இடங்களில் சொதப்புகிறது.

குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அது விழுந்து விழுந்து எழுகிற நடையைத் தள்ளாட்டம் என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள். தத்தி நடக்குது என்பாள். தத்தக்கா பித்தக்கா என்று சிரிப்பாள். இலக்கியத்தில் அதற்குத் ‘தளர்நடை’ என்று தனிப் பெயரே இருக்கிறது. பக்கத்து வில்லிபுத்தூரில் இருந்த பெரியாழ்வார், கண்ணனின் தளர்நடைக்கென்றே ஒரு பதிகம் பாடினார். பிள்ளைத்தமிழில் வருகைப் பருவம் என்பது குழந்தையை நடந்து வரச்சொல்லி அழைப்பது. தாமிரபரணிக் கரை திருவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் மதுரை மீனாட்சிக்குப் பாடிய பிள்ளைத்தமிழிலும், திருநெல்வேலிக் காந்திமதியம்மைக்கு அழகிய சொக்கநாதப் பிள்ளை பாடியதிலும் அந்தப் பருவம் உண்டு.

மரபில் வருகைப் பருவத்துக்குச் சொல்லும் கணக்கு 13-ஆம் மாதம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் ஓர் அளவை வெளியிட்டது. பிடிக்காமல் தானாக நடக்கத் தொடங்குவது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். சராசரி ஏறத்தாழ 12 மாதம். புலவர்களின் கணக்கு நன்றாகவே பொருந்துகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டதே என்று கவலைப்படுகிற அம்மாக்கள் 17.6 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

விழுவதைப் பற்றியும் கணக்கு எடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கேரன் அடால்ஃப் என்ற உளவியலாளரின் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒன்றிலிருந்து ஒன்றரை வயதுவரை உள்ள குழந்தை விளையாடும் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி வைக்கிறது, 17 முறை விழுகிறது. பெரியவர் ஒருவர் மணிக்குப் பதினேழு முறை விழுந்தால் ஊரே கூடிவிடும். குழந்தைக்கு அது பாடம். இந்தப் பாடத்துக்கு உதவத்தான் அம்பாசமுத்திரத்தில் மரம் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றி நடைவண்டி செய்தார்கள். செப்புச் சாமானுக்குப் பேர்போன அதே ஊர். மூன்று சக்கர நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு குழந்தை தானே நின்று, தானே தள்ளிப் போகவேண்டும். இப்போது கடைகளில் விற்கும், குழந்தையை நடுவில் உட்காரவைத்துச் சுற்றிலும் சக்கரம் வைத்த வட்ட வாக்கர் அப்படி இல்லை. அதில் எடையைத் தாங்குவது வாக்கர். குழந்தை வெறுமனே காலை உந்துகிறது, படிக்கட்டு வந்தாலும் நிற்கத் தெரியாது. கனடா 2004-இலேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டது. மரவண்டியை விட்டு பிளாஸ்டிக்குக்கு மாறியதில் நமக்கு நஷ்டம்தான்.

வலியால் வரும் கோணல் நடைக்குத் தமிழில் வேறு சொற்கள். காலில் முள் குத்தியவர் நொண்டுகிறார். ஒரு கால் குட்டையானவர் விந்தி விந்தி நடக்கிறார். மூட்டு வலிக்காரர் தாங்கித் தாங்கி நடக்கிறார். ‘தாங்கி’ என்பதில் வலிக்கிற காலில் பாரம் போடாமல் மற்றக் காலால் தாங்குகிற முழு வைத்தியமும் இருக்கிறது. நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதியைக் கடைசி ஆண்டுகளில் பார்த்தவர்கள் இந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள். மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட அதற்கு 2022-இல் பக்தர்கள் 12,000 ரூபாய் செலவில் தோல் செருப்பு செய்து போட்டார்கள். தார்ச்சாலைச் சூட்டிலும் கல்தரையிலும் நடக்க அது உதவியது. 2025 ஜனவரியில் காந்திமதி இறந்தபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. செருப்புப் போட்டு வீதியில் நடந்த யானையை நெல்லைக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

வெளியிலிருந்து ஒன்று குறுக்கே வந்தால் இடறுகிறோம். தரை ஏமாற்றினால் சறுக்குகிறோம், வழுக்குகிறோம். வண்ணார்பேட்டைப் பேராச்சியம்மன் கோயிலை ஒட்டிய ஆற்றங்கரையில் குளிக்கப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். பாசி பிடித்த படியில் வழுக்குவது வேறு, தண்ணீருக்கடியில் இருக்கிற கல்லில் இடறுவது வேறு. ஓடுகிற தண்ணீர் காலை இழுப்பது மூன்றாவது வகை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டு வண்ணார்பேட்டைப் பக்கமும் தண்ணீர் ஏறியபோது இந்த மூன்றையும் ஒரே தெருவில் பார்க்க முடிந்தது. முழங்கால் அளவுத் தண்ணீர்கூட வேகமாக ஓடினால் வளர்ந்தவரைச் சாய்த்துவிடும். பாதத்தை உயர்த்தி வைக்காமல், தரையோடு இழுத்து நகர்த்திப் போவதுதான் அப்போது பிழைக்கும் வழி.

‘தடுமாறு’ என்பது பாதத்தைவிட மேலே ஏறிவிட்ட சொல். கால் தடுமாறலாம், நாக்கும் தடுமாறலாம், எந்தக் கல்லூரியில் சேர்வது என்று மனமும் தடுமாறலாம். செய்தித்தாள்களில் இரு சக்கர வாகன விபத்தென்றால் ‘நிலைதடுமாறி விழுந்தார்’ என்பது அச்சில் வார்த்த வாசகம். ஆங்கில வினையின் அதிர்ச்சிப் பொருளுக்கு உண்மையில் நெருக்கமான தமிழ் இதுதான்; தள்ளாட்டத்துக்கு அந்த ஏற்றம் கிடைக்கவில்லை.

தள்ளாட்டம் இரண்டு பேருக்கென்று ஒதுங்கிவிட்டது. ஒருவர் முதியவர், மற்றவர் குடித்தவர்.

முதியவர் விஷயத்தில் நெல்லைத் தமிழ் மிகவும் மரியாதையாக நடந்துகொள்ளும். ‘தள்ளாத வயசு’ என்பார்கள். ‘எனக்குத் தள்ளலை’ என்றால் முடியவில்லை, ஏலவில்லை என்று பொருள். ஊரிலிருந்து வந்தவரிடம் “தாத்தா எப்படி இருக்காங்க?” என்று கேட்டால், “நடமாட்டமா இருக்காங்க” என்று பதில் வந்தால் அது நல்ல சேதி. வேறு எந்த உடல்நிலை அறிக்கையும் தேவையில்லை. படியில் இறங்குகிற கிழவியிடம் “ஆச்சி, பைய வாங்க” என்று முன்பின் தெரியாதவரும் சொல்லிக் கை கொடுப்பார்.

அந்தப் ‘பைய’வை மருத்துவம் இப்போது விநாடியில் அளக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து மறுபடி உட்காரவேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் அந்த முதியவர் விழும் அபாயத்தில் இருக்கிறார். செலவில்லாத சோதனை, வீட்டு முற்றத்திலேயே செய்து பார்க்கலாம். உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இரவில் விளக்குப் போடாமல் கழிப்பறைக்குப் போவது, ஈரத் தரை, தேய்ந்த ரப்பர் செருப்பு, படுக்கையிலிருந்து வெடுக்கென்று எழுந்ததும் இரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டுவது என்று காரணங்கள் எல்லாமே நமக்குத் தெரிந்தவைதான். ஐந்து ரூபாய் மிச்சம்பிடிக்க இரவு விளக்கை அணைக்கிற வீடுகள், இடுப்பெலும்பு முறிவுக்கு எவ்வளவு செலவாகும் என்று ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.

நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று சாட்சிகள் வேண்டும். கண், உள்காது, மூட்டுகளிலிருந்தும் பாதத்திலிருந்தும் வரும் உணர்வு. மூன்றின் வாக்குமூலத்தையும் கேட்டு, தசைகளுக்கு அளவாக உத்தரவு போடுவதில் பெரும்பங்கு சிறுமூளையுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் ரோம்பெர்க் ஓர் எளிய சோதனையை எழுதிவைத்தார். காலைச் சேர்த்து வைத்து நிற்கச் சொல்லி, பிறகு கண்ணை மூடச் சொல்வது. கண் திறந்திருக்கும்போது நின்றவர், மூடியதும் சாய்ந்தால் பாதத்தின் உணர்வு போய்விட்டது, இதுவரை கண்தான் அவரைத் தாங்கியிருக்கிறது என்று பொருள். நீண்டகாலச் சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவர்கள் முகம் கழுவக் கண்ணை மூடும்போது தடுமாறுவது இதனால்தான்.

நடையைப் பார்த்தே நோயின் இடத்தைச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. பக்கவாதம் வந்தவரின் கால் அரைவட்டம் போட்டு முன்னே வரும். சிறுமூளை கெட்டவர் காலை அகட்டி வைத்து ஆடி ஆடி நடப்பார். ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் எழுதிய நோயில் அடிகள் குறுகி, பாதம் தரையை உரசி, நடை தன்னையறியாமல் வேகமெடுக்கும். வாசற்படி வந்தால் கால் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும். அப்படி நின்றவருக்குத் தரையில் குறுக்குக் கோடு போட்டுக் காட்டினால் பல சமயம் தாண்டி வந்துவிடுவார். இந்த நோயைச் சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் நடுக்குவாதம், கம்பவாதம் என்ற பெயர்களோடு பொருத்திப் பார்க்கிறார்கள். பாளையங்கோட்டையில் 1964-இலிருந்து நடக்கும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியால் இந்தப் பகுதிக்கு அந்தப் பெயர்கள் புதிதல்ல. பார்க்கின்சனுக்கு இன்று கொடுக்கும் முக்கிய மருந்தான லெவோடோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து 1937-இல் பிரித்தெடுத்தவர்கள் சென்னையில் ஆய்வு செய்த தாமோதரனும் ராமசாமியும் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. அது மருந்தென்று உலகம் புரிந்துகொள்ள 1960-கள்வரை ஆனது. விதையை வாங்கி இடித்துத் தானே சாப்பிடலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அளவு தப்பினால் மனக்குழப்பம் வரை கொண்டுபோய் விடும்.

இனி அடுத்தவர். குடித்தவர் ஆடுவதற்கும் சிறுமூளைதான் காரணம். சாராயம் முதலில் கை வைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. உள்காதிலும் வேலை நடக்கிறது. அங்கே திரவத்தில் நிற்கும் ஒரு மெல்லிய திரையின் அடர்த்தியைச் சாராயம் மாற்றிவிடுவதால், படுத்தவுடன் வீடே சுற்றுகிறது. ‘ஆடிக்கிட்டே வாரான்’ என்று நெல்லையில் சொல்வார்கள். கூத்தாடு, நீராடு, ஊசலாடு, நடமாடு என்று எல்லா நல்ல காரியத்திலும் இருக்கிற அதே ‘ஆடு’தான் இங்கேயும். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் நான்கு ரத வீதியில் ஆடி வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம், மனிதர் ஆடி வந்தால் ஒதுங்கிக்கொள்கிறோம்.

சட்டம் ஆட்டத்தை மட்டும் வைத்து முடிவுசெய்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருந்தால் குற்றம் என்கிறது. ஊதிப் பார்க்கும் கருவி அதற்குத்தான். அமெரிக்கப் போலீஸ் சாலையோரத்தில், குதிகாலும் விரலும் தொட்டபடி ஒன்பது அடி நேராக நடந்து திரும்பச் சொல்வார்கள். நடை சந்தேகத்தை எழுப்பலாம், தீர்ப்பைச் சொல்ல முடியாது.

வேடிக்கை பார்க்கிறவர்கள் அந்தக் கட்டுப்பாட்டை வைத்துக்கொள்வதில்லை. நடுப்பகலில் பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் கால் பின்னி, வாய் குழறிச் சாய்ந்தால், “காலையிலேயே ஏத்திட்டான்” என்று நகர்ந்துவிடுகிறார்கள். ‘தள்ளாடு’ என்ற ஒரே சொல்லில் நோயாளியையும் குடிகாரரையும் சேர்த்துக் கட்டிவைத்ததன் விளைவோ என்றுகூடத் தோன்றும். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் சாப்பிடத் தாமதித்தால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கி அப்படியே ஆடுவார், வியர்ப்பார், சம்பந்தமில்லாமல் பேசுவார். நினைவிருந்து விழுங்க முடிந்தால் சர்க்கரை கரைத்த தண்ணீரோ இனிப்போ கொடுத்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

பக்கவாதமும் சட்டென்று வரும் தள்ளாட்டமாகவே தொடங்கலாம். திடீரென்று நிலைதடுமாறுவது, பார்வை மங்குவது, முகம் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராமல் தொங்குவது, பேச்சுக் குழறுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், காத்திருக்கக்கூடாது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கியதிலிருந்து நான்கரை மணி நேரத்துக்குள் போடவேண்டியது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு மூளை மிஞ்சும். மருத்துவமனையில் முதலில் கேட்கும் கேள்வியும் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதுதான். தெருவில் ஒருவர் தள்ளாடினால் முகத்தருகே போய் மூக்கை வைத்துப் பார்ப்பதற்கு முன்பு அவர் பெயரைக் கேளுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், சிரிக்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் கைக்கடிகாரத்தில் மணியைப் பார்த்து மனத்தில் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். குடித்திருந்தாலும் அழையுங்கள், குடித்தவருக்கும் பக்கவாதம் வரும்.